றஊபின் ஸ்பீக்கர்களுக்கு ஓர் அறை

கிண்ணியாப் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கென்று ஒரு வீடு கிடையாது. பிறப்பது உம்மாவின் வீட்டில். கலியாணம் முடித்துப் போவது மனைவியின் வீட்டுக்கு. மகளுக்கு மாப்பிள்ளை சரிவந்தால் அந்த வீட்டையும் அவள் பெயரில் எழுதிவிட்டுப் பின்வளவில் ஓர் அறை போட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். சீமெந்து மூட்டை தூக்கவும் மேசனோடு மல்லுக்கட்டவும் கூரை ஒழுகினால் ஏணி வைத்து ஏறவும் மட்டும் ஆண்பிள்ளை வேண்டும். பெண்பிள்ளைக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை நிச்சயமாக இருக்கிறது என்பதால் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. றஊபும் சொன்னதில்லை. ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு நான்கு சுவர் தேவைப்பட்டது.

நல்ல ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கி, ஓர் அறையில் வைத்து, கதிரையில் சாய்ந்திருந்து, பழைய பாட்டுகளை அவற்றுக்குரிய சத்தத்தில் கேட்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதன் மகளுக்கு நகை சேர்ப்பான், மக்காவுக்கு உம்றா போக நிய்யத்து வைப்பான், பாட்டுப் பெட்டிக்கு ஏங்குவானா என்று கேட்பார்கள். ஆகவே அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மூதூர்க்காரர், கிண்ணியாவில் கலியாணம் முடித்தவர். திருகோணமலைத் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இழுத்துக்கொண்டு வந்து அணைகரையில் சேர்க்கும் இழுவைப் படகொன்றில் எஞ்ஜின் பார்க்கிற வேலை. எஞ்ஜின் அறைக்குள் இறங்கினால் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். காதை மூடி மூடியே அவருக்கு வாழ்க்கை அலுத்துவிட்டது. அதனால்தான் காதுக்குள் வயரைச் செருகிப் பாட்டுக் கேட்பது அவருக்கு ஒத்துவரவில்லை. அது பாட்டை விழுங்குகிற மாதிரி இருக்கிறது என்பார்.

வீட்டுக்கு வந்தால் நிலைமை நேர்மாறு. வீடு மனைவி பரீனாவுடையது, அதற்கு முன் அவளின் உம்மாவுடையது. மாமி உயிரோடு இருந்த காலம் முழுவதும் மாமிக்குத் தலைவலி. மாமி மௌத்தான பிறகு மகள் றுமானாவுக்குப் பரீட்சை. அது முடிய அடுத்த வீட்டில் ஒரு மௌத்து, அங்கே ஆட்கள் ஓதிக்கொண்டிருக்கும்போது இங்கே பாட்டுப் போடலாமா? பிறகு நோன்பு. பிறகு இன்னொரு பரீட்சை. ஒன்றும் பொய்க் காரணமில்லை, எல்லாம் நியாயமான காரணம். நியாயமான காரணத்தோடு எந்த மனிதனாலும் சண்டை பிடிக்க ஏலாது. றஊப் தொலைபேசியின் சத்தத்தைக் குறைத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தார்.

றுமானாவுக்குத் தோப்பூரில் மாப்பிள்ளை பேசி வந்தபோதுதான் அவருக்கு ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பெயர் பஸ்லான், வங்கியில் வேலை, அமைதியான பிள்ளை. வீடு மகளுக்குப் போகும். பின்வளவில் தனக்கும் பரீனாவுக்கும் ஓர் அறை எழும்பும். எழுத்தில் அதுவும் மகளின் வளவுதான் என்றாலும், அந்த அறைக்குள் மாமியும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஊரெல்லாம் வீட்டை விட்டுப் போகிற கவலையில் பின்னறைக்குப் போகும், இந்த மனிதர் மட்டும் கலியாண வேலையை விசிலடித்துக்கொண்டு பார்த்தார். பரீனாவுக்கு அது விளங்கவேயில்லை.

டவுனில் தபாலகத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் யோகராசாவின் கடை. பழைய ஸ்டீரியோ சாமான்களை வாங்கித் திருத்தி விற்பவர். சிரிக்க மாட்டார், விலையும் குறைக்க மாட்டார். ஆனால் வந்தவரை இருத்திக் கேட்கவிடுவார். வேலை முடிந்து வரும் வழியில் றஊப் அங்கே ஏறினார்.

“பெரிய காசில்லை அண்ணன். ஓவர்டைம் சேர்த்து வைச்சிருக்கிறன், அவ்வளவுதான். சத்தம் பெரிசா வேணாம். இதமா, நிறைவா இருக்க வேணும்,” என்றார்.

“என்ன பாட்டுக் கேப்பீங்க நானா?” முஸ்லிம் அண்ணன்மாரை யோகராசா நானா என்றுதான் கூப்பிடுவார்.

“பழசு.”

“அப்ப அதைக் கொண்டு வாங்க. என்ர பாட்டைப் போட்டுக் காட்டினால் என்ர கடையில இருக்கிற எல்லா ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டில கேட்டால்தான் எது பொய் சொல்லுது எண்டு தெரியும்.”

அடுத்த முறை றஊப் தன் பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டு போனார். முதலில் யோகராசா ஆளுயரப் புதுச் சோடி ஒன்றைப் போட்டார். நீலமும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. தபேலா ஒவ்வொரு தட்டுக்கும் நெஞ்சில் வந்து குத்தியது. பாடுகிறவர் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டு தவித்தார்.

“என்ன?”

“எனக்கு வேலையிடத்திலயே இது இருக்குது அண்ணன்,” என்றார் றஊப்.

இரண்டாவது சோடி சின்னது, மினுக்கமானது, இதுவும் புதுசு. முதலில் எல்லாம் பளிச்சென்று கேட்டது. இதுவரை கேட்காத சலங்கை ஒன்றுகூடக் கேட்டது. எடுத்துவிடலாம் என்று றஊப் நினைத்துவிட்டார். யோகராசாதான், அவசரப்படாதீங்க, இன்னும் நாலு பாட்டுக் கேளுங்க என்று போய்த் தேநீர் ஊற்றினார். நாலாவது பாட்டில் றஊபுக்குக் காது கூசத் தொடங்கியது. பாடகி ‘ச’ சொல்லும் இடமெல்லாம் ஊசி குத்துகிறது.

“கடையில பத்து நிமிசம் கேக்கிற ஆளுக்கு இது நல்லா இருக்கும். வீட்டில இருந்து கேக்கிற ஆளுக்குச் சரிவராது,” என்றார் யோகராசா. பிறகு ஒரு துணியை விலக்கினார்.

அது பழைய ஜப்பான் சோடி. மரப்பெட்டி, முன்னால் பழுப்புத் துணி, ஒரு பெட்டியை ஓர் ஆள் சிரமப்படாமல் தூக்கலாம். விளக்கொன்றுமில்லை. பாட்டுத் தொடங்கியது. பாடுகிறவர் மூச்சை இழுப்பது கேட்டது. தபேலாவில் விரல் விழுந்தது, தோல் அதிர்ந்தது, பிறகு அடங்கியது. குத்து ஒன்றும் இல்லை. வயலின்கள் பின்னால் அகலமாக நின்றன. குரலுக்கு நெஞ்சு இருந்தது, வயிறு இருந்தது, ஒரு முழு மனிதர் முன்னால் கதிரை போட்டு இருந்து பாடுகிற மாதிரி இருந்தது. பாட்டு முடிந்த பிறகுதான் றஊப் தன் கை கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கண்டார்.

“உள்ளுக்கு அதிர்ற கோனைச் சுத்தி இருந்த ஸ்பஞ்ச் உக்கிப்போய்க் கிடந்தது,” என்றார் யோகராசா. “எங்கட கடல் காத்து ஒண்டையும் விடாது. எல்லாத்தையும் உரிச்சு ரப்பர் போட்டிருக்கிறன். இனி உங்கட காலத்துக்குக் காணும். இதோட பூட்டிக் கேக்க ஒரு பழைய அம்ப்பும் தாறன்.”

“இதுதான் அண்ணன்.”

“சரி. எங்க வைக்கப் போறீங்க?”

றஊப் விழித்தார்.

“பின்னால காத்துப் போற ஓட்டை இருக்கு, பாருங்க. சுவரோட ஒட்டி வைச்சால் குடத்துக்குள்ள கத்தின மாதிரிக் கேக்கும். ஒரு முழமாவது முன்னுக்கு இழுத்து வைக்க வேணும். ரெண்டுக்கும் நடுவில ஒரு பாய் விரிக்கிற இடம் விடுங்க. நீங்களும் அதே அளவுக்குத் தள்ளி இருங்க. உங்கட அறை என்ன அளவு?”

“அறை கட்டிக்கொண்டிருக்கிறம்,” என்றார் றஊப். உங்கட அறை என்று ஒரு மனிதர் தன்னைக் கேட்டது அவருக்கு வெட்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்வளவுக்குப் போனார். அத்திவாரம் வெட்ட அளந்துகொண்டிருந்தார்கள். மேசன் நூல் பிடித்துக்கொண்டு நிற்க, மேற்பார்வைக்கு நின்றவர் அஸாம். பரீனாவின் மூத்த சகோதரர். பிள்ளையின் கலியாண விசயத்தில் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம் என்று நினைப்பவர், ஊரும் அப்படித்தான் நினைத்தது.

“மச்சான், அறையை இன்னும் ரெண்டடி நீட்ட ஏலாதா?” என்று கேட்டார் றஊப்.

“எதுக்கு மச்சான்? நீங்க ரெண்டு பேரும் படுத்தெழும்பத்தானே. அந்தப் பக்கம் பாத்ரூம் வருது. தங்கச்சி ராவில எழும்பி முத்தத்தால நடக்கிறதா?”

ஸ்பீக்கரை ஒரு முழம் முன்னுக்கு இழுத்து வைக்க வேண்டும் என்று றஊப் எப்படிச் சொல்வார்? மனைவியின் பாத்ரூமுக்கும் தன் பாட்டுக்கும் நடுவில் நூல் பிடித்துக்கொண்டு மேசன் நிற்கிறான். “சரி மச்சான், நீங்க சொல்றதுதான் சரி,” என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். அந்தத் தலையாட்டலில் அவர் கைதேர்ந்தவர்.

அறை சின்னதானால் என்ன, கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டால் இடம் வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். இதற்கிடையில் நிலாவெளியில் ஹோட்டல் நடத்தும் ஒருவர் அந்தச் சோடியைப் பார்த்துவிட்டுப் போனதாக யோகராசா சொன்னார். றஊப் அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டு முச்சக்கர வண்டி பிடித்தார். ஒரு பெட்டி பக்கத்தில், ஒரு பெட்டி மடியில், அம்ப் காலடியில். சீனக்குடா தாண்டிப் பாலத்தில் ஏறும்போது வண்டி குலுங்கியது. பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வருகிறவர் போல அந்த மரப்பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டார். “மெதுவாப் போங்க தம்பி,” என்று சாரதியிடம் பாலம் முடியும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டில் யாருமில்லை. பரீனாவும் றுமானாவும் சாரி எடுக்கப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரப்போகிறார்கள் என்று ஹாலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, தளபாடமெல்லாம் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. வெறும் ஹால். அந்த வீட்டில் அவர் அப்படி ஒரு வெற்றிடத்தைக் கண்டதே இல்லை. பின்னறையிலோ பூச்சு இன்னும் காயவில்லை. ஈரத்துக்குள் கொண்டுபோய் வைத்தால் மரம் ஊதிவிடும். ஆகவே ஹாலில் இறக்கினார். சுவரிலிருந்து முழம் போட்டு அளந்தார். நடுவில் பாயை விரித்துப் பார்த்து எடுத்தார். ஒரு கதிரையை இழுத்து எதிரே போட்டு, முன்கதவைச் சாத்திவிட்டுப் பாட்டைப் போட்டார்.

சத்தத்தைக் கூட்டினார். யாரும் வரவில்லை. இன்னும் கூட்டினார். குரல் எழும்பி ஹாலை நிறைத்தது. புதுப் பெயின்ட் மணமும் அந்தக் குரலும் சேர்ந்து அவருக்குத் தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. இந்த வீட்டுக்கு அவர் மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து இன்றுவரை இங்கே தனியே ஒரு கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டு இருந்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண் கலங்கியது. துடைக்கவில்லை. பார்க்க ஆளில்லாத இடத்தில் எதற்குத் துடைக்க வேண்டும்?

மூன்றாவது பாட்டில் கதவு தட்டப்பட்டது.

பரீனா உள்ளே வந்து பெட்டிகளைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். கோபிக்கவில்லை. அவள் கெட்டவள் இல்லை, அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. “வாங்கினதுதான் வாங்கினீங்க, இஞ்சாருங்க, நடு ஹாலில வைச்சால் வாற ஆக்கள் தடுக்கி விழ மாட்டாங்களா?” என்று இரண்டையும் காலால் மெல்லத் தள்ளிச் சுவரோடு ஒட்டிவிட்டாள். மறுநாள் இரண்டின் மேலும் பின்னல் துணி விரித்து, பிளாஸ்டிக் ரோசாப்பூச் சாடியும் வைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வந்தவர்கள் போனதும் பின்னறைக்கு மாற்றிவிடலாம், அதற்குள் பூச்சும் காய்ந்துவிடும் என்று றஊப் நினைத்தார்.

இங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். வெளியூர்க்காரன் யாராவது இதைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரை மட்டும் பார்ப்பதில்லை என்பது மூதூரில் பிறந்து கிண்ணியாவில் வாழ்ந்த மனிதருக்குத் தெரியாதா? அன்றைக்கு அந்த ஹாலில் என்ன இருக்கிறதோ அதுதான் பெண்ணோடு வருகிறது. அலுமாரி, சோபா, ஃபிரிட்ஜ், சுவரில் மணிக்கூடு எல்லாம் சேர்த்தி. சிலபேர் அதற்காகவே அடுத்த வீட்டிலிருந்து கதிரை இரவல் வாங்கிப் போட்டு, பிறகு திருப்பிக் கொடுக்க முடியாமல் மாட்டிக்கொண்ட கதையெல்லாம் உண்டு. றஊப் அந்தக் கதைகளுக்குச் சிரித்தவர். ஆனால் தன் ஸ்பீக்கரை ஒரு வீட்டுச் சாமான் என்று அவர் ஒரு நிமிடம்கூட நினைத்ததில்லை. அவருக்கு அது தன் உடம்பில் ஒரு பாகம். கழற்றி வைத்த கண்ணாடியை யாராவது சீதனத்தில் சேர்ப்பார்களா?

தோப்பூரிலிருந்து இரண்டு வேனில் வந்தார்கள். பஸ்லானின் வாப்பா இல்லை, மௌத்தாகிவிட்டார். அவருடைய மூத்த சகோதரர் ஸெய்னுதீன் ஹாஜிதான் பெரியவர். வட்டிலப்பம் வைத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள். வழக்கப்படி பெண்ணின் வாப்பா சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், தாய்மாமன் கதைக்க வேண்டும். றஊப் சிரித்துக்கொண்டு இருந்தார். ஹாஜி அறைகளைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், திரும்ப ஹாலுக்கு வந்து ரோசாப்பூச் சாடியருகே நின்றார்.

“இதென்ன, ரேடியோவா?”

“ஸ்டீரியோ, ஹாஜி. அசல் ஜப்பான் சாமான். இப்ப இப்பிடி எடுக்கவே ஏலாது,” என்றார் அஸாம். அன்று காலைதான் றஊப் அவருக்கு அதைச் சொல்லியிருந்தார்.

“அல்ஹம்துலில்லாஹ். எங்கட பஸ்லானுக்குப் பாட்டெண்டால் உசிரு.”

“பிறகென்ன ஹாஜி? இந்த ஹாலில இருக்கிறதெல்லாம் பிள்ளைகளுக்குத்தானே. ஒரு துரும்பு வெளிய போகாது.”

எல்லோரும் சிரித்தார்கள். றஊபும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்த முகத்தை என்ன செய்வது? ஒரு சொல் போதும். அது என்ர, மச்சான், அறைக்குப் போற சாமான் என்று சொன்னால் முடிந்தது. சொல் தொண்டைவரை வந்தது. வந்து என்ன செய்ய? தாய்மாமன் சபையில் கொடுத்த வாக்கை வாப்பா அதே சபையில் திருப்பி வாங்கினார் என்று வேன் தோப்பூர் போய்ச் சேரும் முன்பே கதை போய்ச் சேர்ந்துவிடும். குசினி வாசலில் றுமானா முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தார். சொல்லை விழுங்கிவிட்டு, “வட்டிலப்பம் எடுங்க ஹாஜி, எடுங்க,” என்றார்.

அவர்கள் போன பிறகு பரீனா வந்து பக்கத்தில் இருந்தாள்.

“நீங்க ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“நீ சொல்லியிருக்கலாமே.”

அவள் எழும்பிக் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

கலியாணம் நல்லபடி நடந்தது. வீடு றுமானாவின் பெயருக்குப் போனது. பஸ்லான் ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தான். றஊபும் பரீனாவும் பின்னறைக்கு மாறினார்கள். கட்டிலும் அலுமாரியும் வைத்ததும் அறை முடிந்துவிட்டது. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். கட்டிலைச் சுவரோடு தள்ளிப் பார்த்தார், சுவரோடுதான் இருந்தது. தகரக் கூரை பகலில் அனல் கக்கியது. எஞ்ஜின் அறையே தேவலை என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். பரீனா, நான் இந்த வீட்டில பிறந்தவள், எனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஹாலில் ஸ்பீக்கர்கள் ரோசாப்பூவைச் சுமந்துகொண்டு சும்மா கிடந்தன. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பஸ்லான் போட்டுக் கேட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஆனால் அவன் தொடவில்லை. சாப்பிட முன்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் றஊப் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வருவார். இவரைக் கண்டதும் மருமகன் சோபாவிலிருந்து எழும்பி நின்றுவிடுவான். அவன் எழும்புகிறானே என்று இவர் குசினிப் பக்கத்தால் சுற்றிப் போகத் தொடங்கினார். இவர் சுற்றிப் போகிறாரே என்று அவன் ஹாலில் இருப்பதையே குறைத்தான். இரண்டு பேருடைய மரியாதைக்கும் நடுவில் அந்த ஹால் யாருக்கும் இல்லாமல் போனது.

ஒரு பின்னேரம் பஸ்லான் பின்னறைக்கு வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வாசலுக்கு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றான்.

“மாமா, ஒரு கதை. அந்த ஸ்பீக்கர் உங்கட எண்டு றுமானா சொல்றா. நீங்க ஆசைப்பட்டு உங்களுக்கு எடுத்ததாம். எனக்குத் தெரியாமப் போச்சு. நான் தூக்கிக்கொண்டு வாறன், இங்க வைச்சுக் கேளுங்க.”

றஊப் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அறையில் இடமில்லை, அது வேறு விசயம். கட்டிலுக்குக் கீழே வைப்பார், அலுமாரிக்கு மேலே ஏற்றுவார், இரவில் கட்டிப்பிடித்துக்கொண்டு படுப்பார். அவர் வாயைத் திறந்தார். திறந்தபடி அந்தப் பிள்ளையைப் பார்த்தார். நிலைப்படியில் தோளைச் சுருக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் கையை வைப்பதென்று தெரியாமல், இது யாருடைய வீடு என்ற பயத்தோடு நின்றான். இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில் அவர் நின்றதும் அப்படித்தான். இப்போது ஓம் என்றால் இவன் சீதனச் சாமானைத் திருப்பிக் கொடுத்த மாப்பிள்ளையாவான். தோப்பூருக்கும் கதை போகும், அஸாமின் வாக்கும் போகும். இவனும் இந்த வீட்டில் இனி ஒரு மணிக்கூட்டைக்கூடத் தன்னுடையது என்று நினைக்க மாட்டான்.

“இல்ல மகன்,” என்றார். “அது உங்களுக்கெண்டு எடுத்ததுதான். றுமானாக்கு என்ன தெரியும்? நான் எடுக்கிற நேரம் பாட்டுப் போட்டுக் கேட்டுப் பார்த்தனான், அதை வைச்சு அவள் சொல்றாள்.”

“உண்மையா மாமா?”

“வல்லாஹி” என்று சத்தியம் செய்ய அவருக்குத் துணிவில்லை. “உண்மைதான்,” என்றார்.

பஸ்லானின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நான் போட்டுக் கேக்கவா? உங்களுக்கும் மாமிக்கும் கரைச்சலா இருக்குமெண்டுதான் இவ்வளவு நாளும் தொடேல்ல. நல்ல சாமான் மாமா. பார்த்தவுடனயே விளங்கிட்டு, தெரிஞ்ச ஆள்தான் எடுத்திருக்கிறார் எண்டு.”

அந்தக் கடைசிச் சொல் றஊபுக்கு இனித்தது, வலித்தது. அவன் போன பிறகு, பாட்டு ஹாலில் கேட்கத் தொடங்கினால் தானும் ஏதாவது சாட்டு வைத்து அங்கே போய் இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை முளைத்தது. பத்திரிகை பார்க்கிற சாட்டில் ஓரக் கதிரையில் இருக்கலாம். மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஒருநாள் மருமகனும் மாமனும் ஒன்றாக இருந்து கேட்பார்கள். இதில் என்ன பிழை?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாரத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது றுமானா கூப்பிட்டாள். “வாப்பா, ஒருக்கா ஓடி வாங்க. இவர் ஸ்பீக்கர் பூட்டுறார், சரிவருதில்ல.”

ஓடித்தான் போனார். ஹாலில் பெட்டிகள் இல்லை. ரோசாப்பூச் சாடி மட்டும் நிலத்தில் இருந்தது. பாட்டு உள்ளே படுக்கை அறையிலிருந்து வந்தது, குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

“இவருக்கு ஹாலில போட வெக்கமாம்,” என்றாள் றுமானா. “நீங்க, உம்மா, வாற போற ஆக்கள்… அதான் எங்கட அறைக்குள்ள கொண்டு போயிட்டார்.”

றஊப் அறை வாசலில் நின்றார். மகளும் மருமகனும் படுக்கிற அறை. மாமன்காரன் கால் வைக்கிற இடமில்லை அது, இப்போதும் இல்லை, இனிமேலும் இல்லை. நிலைப்படிக்கு அப்பால் புதுக் கட்டிலின் ஒரு மூலை தெரிந்தது. அவர் பார்வையை அங்கிருந்து எடுத்துப் பெட்டிகளில் வைத்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பஸ்லான் வயர்களோடு முழங்காலில் இருந்தான்.

“ஒரே இரைச்சலா இருக்கு மாமா. என்ன செய்யிற?”

“சுவரை விட்டு முன்னுக்கு இழுங்க மகன். இன்னும். இன்னும் கொஞ்சம். ஓம், காணும். மற்றதையும் அப்பிடியே. இப்ப ரெண்டையும் விலத்துங்க. முகத்தைக் கொஞ்சம் உள்ளுக்குத் திருப்புங்க, நீங்க இருக்கிற பக்கத்துக்கு.”

பஸ்லான் இழுத்தான், திருப்பினான். குடத்துச் சத்தம் போய்விட்டது. குரல் பெட்டியை விட்டு வெளியே வந்து நடுவில் நின்றது. மூச்சு கேட்டது. தபேலாவில் விரல் விழுந்தது. அன்றைக்கு ஹாலில்கூட இப்படிக் கேட்கவில்லை. இந்த அறையில் திரைச்சீலை இருந்தது, மெத்தை இருந்தது, எதிரொலி இல்லை, அளவும் சரி. யோகராசா சொன்ன அறை இதுதான். றஊப் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடினால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று மூடாமல் நின்றார்.

“மாமா! சுபஹானல்லாஹ்!” என்றான் பஸ்லான்.

“உள்ளுக்குப் போங்களன் வாப்பா,” என்று றுமானா மரியாதைக்குச் சொன்னாள்.

“இல்ல மகள், இங்க கேக்குது.”

பாட்டு முடிய முன் அவள் உள்ளே போய்ப் பஸ்லானுக்குப் பக்கத்தில் கட்டில் விளிம்பில் இருந்தாள். இனி அங்கே நிற்பது அழகில்லை. றஊப் திரும்பினார்.

“வாப்பா, ஏசி போட்டிருக்கு. கதவை இழுத்துச் சாத்திட்டுப் போறீங்களா?”

அவர் கதவை இழுத்தார். புதுப் பெயின்ட் பிடித்துக்கொண்டு கதவு முழுதாக மூடவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இறுக்கி இழுத்துச் சாத்திவிட்டார். குரல் நின்றுவிட்டது. கதவுக்கு வெளியே தபேலாவின் துடிப்பு மட்டும் மெல்ல வந்தது.

குசினியிலிருந்து பரீனா எட்டிப் பார்த்தாள். “எப்பிடி இருக்கு, இஞ்சாருங்க?”

“நல்லா இருக்கு,” என்றார் றஊப். “இப்பதான் நல்லா இருக்கு.”